உழவர் கையில் செல்போன்: தேர்வும் பராமரிப்பும்

கிணற்றுக்குப் பம்புசெட் வாங்கப் புறப்படும் உழவர் முதலில் கிணற்றை அளக்கிறார். தண்ணீர் எத்தனை அடியில் நிற்கிறது, கோடையில் எவ்வளவு இறங்கும், எத்தனை குதிரைத்திறன் மோட்டார் போதும் என்று கணக்கிடுகிறார். பக்கத்துத் தோட்டத்துக்காரரிடம் விசாரிக்கிறார். பிறகே கடைக்குப் போகிறார். அதே உழவர் செல்போன் வாங்கப் போகும்போது மட்டும் இவற்றுள் எதையும் செய்வதில்லை. கடைக்காரர் எடுத்துக் கொடுப்பதை வாங்கி வருகிறார். அது பழுதானால் யாரிடமோ கொடுக்கிறார். அவர் சொன்ன தொகையைக் கொடுத்துவிட்டுத் திரும்புகிறார்.

இன்று செல்போனும் ஒரு பண்ணைக் கருவியே ஆகும். 1999-ஆம் ஆண்டு மதுரை அண்ணா நகரில் தமிழகத்தின் முதல் உழவர் சந்தை தொடங்கப்பட்ட காலத்தில், காய்கறி விலையை அறியச் சந்தைக்கு நேரில் வர வேண்டியிருந்தது. இன்று மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் காலையில் மல்லிகை என்ன விலைக்குப் போகிறது என்பதைத் தோட்டத்தில் பூப்பறித்துக் கொண்டே கேட்டறிகிறோம். வானிலை முன்னறிவிப்பு, மானிய விண்ணப்பம், வங்கிக் கணக்கு, பிரதமரின் கிசான் நிதியுதவி ஆகிய யாவும் இந்த ஒரு கருவியின் வழியாகவே வருகின்றன. எனவே இதைத் தேர்ந்தெடுக்கும் முறையையும், சிறு பழுதுகளைத் தாமே நீக்கிக் கொள்ளும் வழிகளையும், தொலைந்தால் செய்ய வேண்டியவற்றையும் உழவர் பெருமக்கள் அறிந்திருப்பது அவசியமாகும்.

கருவியைவிட எண் பெரிது

முதலில் ஒரு நிகழ்ச்சியைக் குறிப்பிட விரும்புகிறேன். மல்லிகை பயிரிடும் விவசாயி ஒருவர், செடியில் மொட்டுப்புழுத் தாக்குதல் பற்றிக் கேட்க எங்களிடம் வந்திருந்தார். பேச்சினிடையே, தமக்குக் கிசான் தவணை நின்றுவிட்டதாகக் கூறினார். விசாரித்ததில் காரணம் தெரிய வந்தது. அவருடைய பழைய போன் உடைந்தபோது, கடையில் புதிய போனுடன் புதிய சிம் கார்டும் வாங்கிக் கொண்டார். பழைய எண்ணுக்கு ரீசார்ஜ் செய்யவில்லை. ஆதாரிலும் வங்கியிலும் இருந்ததோ அந்தப் பழைய எண்தான். கிசான் திட்டத்தில் பயனாளி தம் விவரத்தை உறுதி செய்ய வேண்டிய நேரத்தில், அதற்கான ஓ.டி.பி. இல்லாத எண்ணுக்குப் போயிற்று. விரல் ரேகை வைத்து உறுதி செய்யலாம் என்று பொதுச் சேவை மையத்திற்குச் சென்றால், பல ஆண்டுகள் மண்வெட்டி பிடித்த விரலில் ரேகை தேய்ந்து, இயந்திரம் அதை ஏற்கவில்லை. போனின் பழுது சிறிது. அதனால் நின்றதோ ஆண்டுக்கு ரூ.6,000.

இதிலிருந்து நாம் அறிய வேண்டியது ஒன்று. போன் பழுதானால் வேறு வாங்கிக் கொள்ளலாம். எண்ணை இழந்தால் அதனுடன் இணைந்த அனைத்தும் தடைபடும். முன்பணம் செலுத்திப் பயன்படுத்தும் இணைப்பில் 90 நாட்கள் தொடர்ந்து அழைப்போ, குறுஞ்செய்தியோ, இணையப் பயன்பாடோ இல்லாதிருந்தால், நிறுவனம் அந்த எண்ணை முடக்க இடமுண்டு. முடக்கப்பட்ட எண் சில மாதங்களுக்குப் பின் வேறொருவருக்கு வழங்கப்படவும் கூடும். அப்போது உங்கள் வங்கிச் செய்திகள் முன்பின் அறியாத ஒருவருக்குப் போய்ச் சேரும்.

ஆகவே ஆதார், வங்கி, கூட்டுறவுச் சங்கம், பயிர்க் காப்பீடு, கிசான் திட்டம் ஆகிய அனைத்திற்கும் ஒரே எண்ணைக் கொடுத்து, அந்த எண்ணை எக்காரணம் கொண்டும் கைவிடாதிருக்க வேண்டும். எண்ணை மாற்றியே ஆக வேண்டுமெனில், பழைய எண் வேலை செய்யும்போதே ஆதார் மையத்திலும் வங்கியிலும் புதிய எண்ணைப் பதிவு செய்துவிட்டு, பிறகே பழையதை நிறுத்த வேண்டும். மகன் பெயரிலோ, கடைக்காரர் பெயரிலோ வாங்கிய சிம் கார்டை வங்கிக் கணக்குடன் இணைப்பதும் தவறு. சிம் கார்டு தம் பெயரிலேயே இருந்தால்தான், தொலைந்தபோது அதே எண்ணைத் திரும்பப் பெற இயலும்.

எத்தகைய போன் தேவை?

எல்லா மண்ணுக்கும் ஒரே இரகம் ஏற்றதல்ல. அதுபோல எல்லோருக்கும் ஸ்மார்ட்போன் வேண்டுமென்பதும் இல்லை. பேசுவதற்கும் குறுஞ்செய்தி பெறுவதற்கும் மட்டும் போன் தேவைப்படுவோர்க்குப் பட்டன் போனே போதும். அதன் பேட்டரி பல நாட்கள் நிற்கும். கீழே விழுந்தாலும் எளிதில் உடையாது. பட்டன் போன் வழியாகவும் பணம் அனுப்பும் யூ.பி.ஐ. வசதி 2022-ஆம் ஆண்டு முதல் உள்ளது. பட்டன் போன் வாங்குவோர் 4ஜி வசதி உள்ளதாகப் பார்த்து வாங்குவது நல்லது.

சந்தை விலை பார்க்க, பூச்சி தாக்கிய இலையைப் படமெடுத்து அனுப்ப, உழவன் செயலியைப் பயன்படுத்த ஸ்மார்ட்போன் வேண்டும். விலை அடிக்கடி மாறுவதால் தொகையை இங்கே குறிப்பிடவில்லை. ஆனால் கீழ்க்கண்டவற்றைப் பார்த்து வாங்கினால் குறைந்த விலைப் போனே பல ஆண்டுகள் உழைக்கும்.

1. சிக்னல்: முதலில் பார்க்க வேண்டியது போனை அன்று, எந்த நிறுவனத்தின் சிக்னல் உங்கள் ஊரில் கிடைக்கிறது என்பதையே. வீடு, வயல், கிணற்றடி ஆகிய மூன்று இடங்களிலும் நின்று, வெவ்வேறு நிறுவன இணைப்பு உள்ள அண்டை வீட்டாரின் போன்களில் பேசிப் பார்க்கவும். இந்தியாவில் 5ஜி சேவை 2022 அக்டோபரில் தொடங்கியது. எனினும் உங்கள் வயலில் 5ஜி கிடைக்காவிடில், அதற்கென்று மட்டும் கூடுதல் விலை கொடுப்பது வீண்.

2. திரையின் வெளிச்சம்: கடையின் நிழலில் எல்லாத் திரையும் பளிச்சென்றுதான் இருக்கும். டவுன் ஹால் ரோட்டுக் கடையில் வாங்கினாலும், உங்கள் ஊர்க் கடையில் வாங்கினாலும், போனைக் கையில் எடுத்துக் கொண்டு உச்சி வெயிலில் வெளியே வந்து எழுத்தைப் படித்துப் பார்க்கவும். வெயிலில் படிக்க முடியாத போன் வயலுக்கு உதவாது.

3. ஒலி: மோட்டார் ஓடும் இடத்திலும் மணியோசை கேட்க வேண்டும். அதே தெருவில், வண்டிகள் போகும் இரைச்சலில், ஒலிபெருக்கியை வைத்துப் பேசிப் பார்க்கவும்.

4. நினைவகம்: ரேம் எனப்படுவது போன் வேலை செய்யும் களம் போன்றது; சேமிப்பகம் என்பது குதிர் போன்றது. களம் சிறியதானால் வேலை தடுமாறும். குதிர் சிறியதானால் விரைவில் நிறைந்துவிடும். ரேம் குறைந்தது 4 ஜி.பி.யும், சேமிப்பகம் குறைந்தது 64 ஜி.பி.யும் இருக்க வேண்டும். வசதி இருப்பின் 6 ஜி.பி.யும் 128 ஜி.பி.யும் நல்லது. பெட்டியின் மீது ரேம் அளவுடன் 'கூடுதல்' என்று சேர்த்துக் காட்டியிருந்தால், அது சேமிப்பகத்திலிருந்து கடன் வாங்கியதாக இருக்கும். அதைக் கணக்கில் சேர்க்க வேண்டாம்.

5. பேட்டரி: 5,000 மில்லி ஆம்பியர் மணி அளவுள்ள பேட்டரி சாதாரணப் பயன்பாட்டில் ஒரு முழு நாளைக்குப் போதுமானது.

6. தூசு, நீர்த் தடுப்பு: ஐ.பி. 67 என்று குறிக்கப்பட்டிருந்தால், முதல் எண்ணாகிய 6 தூசு உள்ளே புகாது என்பதையும், இரண்டாம் எண்ணாகிய 7 ஒரு மீட்டர் ஆழ நீரில் 30 நிமிடம் தாங்கும் என்பதையும் காட்டும். ஐ.பி. 54 என்பது தூசை ஓரளவும், தெறிக்கும் நீரையும் மட்டுமே தாங்கும். இச்சோதனைகள் நல்ல தண்ணீரில் செய்யப்பட்டவை. உரம் கரைத்த நீருக்கும் மருந்து கலந்த நீருக்கும் இவை பொருந்தா. நீர் புகுந்த போனுக்குப் பெரும்பாலும் உத்தரவாதம் கிடைப்பதில்லை என்பதையும் நினைவில் கொள்ளவும்.

7. பாதுகாப்புப் புதுப்பிப்பு: நிறுவனம் இந்தப் போனுக்கு எத்தனை ஆண்டுகள் பாதுகாப்புப் புதுப்பிப்பு வழங்கும் என்று கேட்டறியவும். கடையில் பல மாதங்கள் கிடந்த பழைய மாடல் விலை மலிவாக இருக்கலாம். ஆனால் அதன் ஆயுளும் அந்த அளவுக்குக் குறைந்திருக்கும். வங்கிச் செயலிகள் மிகப் பழைய போன்களில் வேலை செய்வதில்லை.

கேமராவின் 'மெகாபிக்சல்' எண்ணைக் கண்டு மயங்க வேண்டாம். ஓர் இலையைப் பக்கத்தில் வைத்துப் படமெடுத்து, அதைப் பெரிதாக்கிப் பார்க்கவும். நரம்புகள் தெளிவாகத் தெரிந்தால் அந்தக் கேமரா உழவருக்குப் போதும்.

வாங்கும்போது

பில் இல்லாமல் வாங்கவே கூடாது. போனில் *#06# என்று அழுத்தினால் 15 இலக்கங்கள் கொண்ட ஐ.எம்.இ.ஐ. எண் திரையில் தோன்றும். இரண்டு சிம் கார்டு போடும் போனில் இரண்டு எண்கள் தோன்றும். போனின் சர்வே எண் என்று இதைக் கொள்ளலாம். இது பெட்டியிலும் பில்லிலும் உள்ள எண்ணுடன் ஒத்திருக்க வேண்டும். பில்லை ஒரு நகல் எடுத்து, பட்டா, பாஸ்புத்தகம் வைத்திருக்கும் இடத்திலேயே வைக்கவும்.

பழைய போன் வாங்குவோர்க்கு இது இன்னும் முக்கியமானது. கே.ஒய்.எம். என்ற மூன்று ஆங்கில எழுத்துகளை இட்டு, ஓர் இடம் விட்டு, 15 இலக்க எண்ணைத் தட்டி, 14422 என்ற எண்ணுக்குக் குறுஞ்செய்தி அனுப்பினால், அந்தப் போனின் விவரம் பதிலாக வரும். திருட்டுப் போன் என்று முடக்கப்பட்டதாகவோ, போலி எண் கொண்டதாகவோ இருந்தால் வாங்க வேண்டாம். மலிவு என்று வாங்கிவிட்டுக் காவல் நிலையத்திற்கு நடக்க நேரிடும்.

சார்ஜர் வாங்கும்போது, இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் குறியீடும், 'ஆர்' என்ற ஆங்கில எழுத்துடன் தொடங்கும் 8 இலக்கப் பதிவு எண்ணும் அதன் மீது இருக்கின்றனவா என்று பார்க்கவும். அந்த எண் உண்மையானதா என்பதை அந்த அமைவனத்தின் 'பி.ஐ.எஸ். கேர்' செயலியில் சரிபார்க்கலாம். சாலையோரத்தில் விற்கும் பெயரில்லாத சார்ஜரால் போன் மட்டுமன்றி வீடும் தீப்பற்றக்கூடும்.

பேட்டரியைப் பேணுதல்

டிராக்டர் பேட்டரியை அறிந்தவர்கள் செல்போன் பேட்டரியையும் அவ்வாறே நினைக்கிறார்கள். டிராக்டரில் இருப்பது ஈய அமில பேட்டரி. அதை எப்போதும் முழுமையாகச் சார்ஜ் செய்து வைத்திருக்க வேண்டும். போனில் இருப்பது லித்தியம் அயனி பேட்டரி. அதன் குணம் வேறு. அதை முற்றிலும் தீரவிட்டு ஏற்றுவதும், நூறு சதவீதம் ஏறிய பின்னும் இரவு முழுவதும் சூட்டில் வைத்திருப்பதும் அதன் ஆயுளைக் குறைக்கும். 20 சதவீதத்திற்குக் கீழே இறங்கவிடாமலும், 80 சதவீதம் அளவில் எடுத்துவிட்டும் பயன்படுத்துவது நல்லது.

இதன் முதல் எதிரி வெப்பம். 35 டிகிரி செல்சியஸுக்கு உட்பட்ட சூழலில் பயன்படுத்துமாறு பல நிறுவனங்கள் குறிப்பிடுகின்றன. மதுரைச் சமவெளியில் கோடையில் நிழலிலேயே அதற்கு மேல் போகிறது. எனவே போனை வரப்பின் மீதோ, வண்டியின் டேங்க் மீதோ, தகரக் கொட்டகையின் அடியிலோ வைக்கக் கூடாது. வெயிலில் சூடேறிய போனை அப்படியே சார்ஜ் போடவும் கூடாது. நிழலில் வைத்து ஆறவிட்ட பிறகே போட வேண்டும். விரைவாக ஆறட்டும் என்று ஈரத் துணியில் சுற்றுவதோ, குளிர்பதனப் பெட்டியில் வைப்பதோ தவறு. உள்ளே நீர்த்துளி படியும்.

இடி மின்னலின்போது போனைச் சார்ஜில் வைத்துக் கொண்டு பேசக் கூடாது. வயர் இணைக்கப்படாத போன் மின்னலை ஈர்ப்பதில்லை. ஆனால் சார்ஜில் உள்ள போன் வழியே மின்கம்பியில் வரும் மின்னதிர்ச்சி பாயக்கூடும். திறந்த வயலில் நிற்பதுதான் எல்லாவற்றிலும் பெரிய ஆபத்து என்பதால், இடி கேட்டதும் கட்டடத்திற்குள் சென்றுவிட வேண்டும்.

போனின் பின்மூடி உப்பிக் கிளம்பியிருந்தால் பேட்டரி வீங்கியிருக்கிறது என்று பொருள். உடனே அணைத்துவிட வேண்டும். அதை அழுத்துவது, ஊசியால் குத்துவது, சார்ஜ் போடுவது ஆகியவை தீ விபத்தில் முடியும். பழைய பேட்டரியைக் குப்பையுடன் எரிப்பதும், கிணற்றிலோ வயலிலோ எறிவதும் கூடாது. மின்னணுக் கழிவு சேகரிக்கும் இடத்தில் ஒப்படைக்க வேண்டும்.

தாமே செய்து கொள்ளக்கூடிய சிறு பழுதுகள்

கடைக்கு வரும் பழுதுகளில் பல, வீட்டிலேயே ஐந்து நிமிடத்தில் சரிசெய்யக் கூடியவை.

சார்ஜ் ஏறவில்லை: முதலில் வேறு சார்ஜர், வேறு வயர், வேறு பிளக் பாயிண்ட் ஆகியவற்றை ஒவ்வொன்றாக மாற்றிப் பார்க்கவும். மூன்றும் சரியெனில் போனின் சார்ஜ் துளையை வெளிச்சத்தில் பார்க்கவும். சட்டைப்பைப் பஞ்சும், நெல் தூசும் அடைத்திருப்பதே பெரும்பாலும் காரணம். போனை அணைத்துவிட்டு, உலர்ந்த மரப் பல்குச்சியால் மெதுவாக நெம்பி எடுக்கவும். ஊக்கு, ஊசி, கம்பி ஆகியவற்றை உள்ளே விடவே கூடாது. வாயால் ஊதுவதும் ஈரத்தை உள்ளே சேர்க்கும்.

குரல் கேட்கவில்லை: காது வைக்கும் இடத்திலும், அடியிலும் உள்ள சிறு துளைகளில் தூசு அடைத்திருக்கும். உலர்ந்த மென்மையான பல்துலக்கியால் துடைக்கவும். ஓரத்தில் ஒட்டிய கண்ணாடித் தாள் துளையை மறைக்கிறதா என்றும் பார்க்கவும். பேசி முடித்த பின் திரை இருட்டாகவே இருந்தால், அதே தாள் திரைக்கு மேலுள்ள உணர்கருவியை மறைத்திருக்கக்கூடும்.

சிக்னல் இல்லை: விமானம் போன்ற குறியை ஒருமுறை அழுத்தி, பத்து விநாடி கழித்து விடுவிக்கவும். பயனில்லையெனில் போனை அணைத்து, சிம் கார்டை எடுத்து உலர்ந்த துணியால் துடைத்து மீண்டும் போடவும். அதன் பின்னும் வராவிட்டால், அந்தச் சிம் கார்டை வேறு போனில் போட்டுப் பார்க்கவும். அங்கே வேலை செய்தால் பழுது போனில். அங்கும் வேலை செய்யாவிட்டால் பழுது சிம் கார்டில். கடைக்காரர் கேட்கும் முன்பே இது உங்களுக்குத் தெரிந்திருக்கும்.

போன் தடுமாறுகிறது: காலை வணக்கப் படங்களும் வீடியோக்களும் சேமிப்பகத்தை நிறைத்திருக்கும். வாட்ஸ்அப் அமைப்பில் படங்கள் தாமாக இறங்குவதை நிறுத்தவும். இடத்தில் ஐந்தில் ஒரு பங்காவது எப்போதும் காலியாக இருக்கட்டும். வாரம் ஒருமுறை போனை அணைத்துப் போடுவதும் பயன்தரும்.

தொடுதிரை வேலை செய்யவில்லை: ஈரக் கையும் வியர்வையும் முதற்காரணம். கையையும் திரையையும் துடைத்துவிட்டுப் பார்க்கவும்.

தண்ணீரில் விழுந்தால்

என் தந்தையாரும் ஒரு சிறு விவசாயியே. நடவின்போது அவருடைய சட்டைப்பையிலிருந்த போன் சேற்றில் விழுந்துவிட்டது. எடுத்துத் துடைத்து, யாரோ சொன்னபடி அரிசிப் பானைக்குள் இரண்டு நாட்கள் புதைத்து வைத்தார். பிறகு வேலை செய்கிறதா என்று சார்ஜ் போட்டார். போன் நிரந்தரமாக நின்றுவிட்டது. பழுது பார்ப்பவர் திறந்தபோது, சார்ஜ் துளையில் ஈரம் மாறாத அரிசித் தூசு பசையாக ஒட்டியிருந்தது.

நம் கையில் விளையும் பொருள் என்பதாலோ என்னவோ, அரிசியின் மீது நமக்கு இந்த நம்பிக்கை வந்துவிட்டது. நனைந்த போனை அரிசியில் வைப்பதால் பயனில்லை. அதன் நுண்துகள் உள்ளே புகுந்து கேடு செய்கிறது. நனைந்த போனைக் கெடுப்பது நீர் மட்டுமன்று. ஈரம் இருக்கும்போதே மின்சாரம் பாய்வதுதான் உட்பாகங்களை அரிக்கிறது. எனவே செய்ய வேண்டியவை இவை:

1. உடனே அணைக்கவும். வேலை செய்கிறதா என்று போட்டுப் பார்க்க வேண்டாம்.
2. உறை, சிம் கார்டு, நினைவக அட்டை ஆகியவற்றை எடுக்கவும்.
3. பருத்தித் துணியால் துடைத்து, சார்ஜ் துளை கீழ்நோக்கி இருக்குமாறு பிடித்து உள்ளங்கையில் மெதுவாகத் தட்டவும்.
4. மின்விசிறிக் காற்றில், துளை கீழ்நோக்கி இருக்குமாறு குறைந்தது ஒரு நாள் உலர விடவும். வெயிலும் சூடான காற்றும் வேண்டாம்.
5. சேறு, உரக் கரைசல், மருந்து கலந்த நீர் ஆகியவற்றில் விழுந்திருந்தால், வீட்டில் காத்திராமல் அன்றே பழுது பார்ப்பவரிடம் திறந்து சுத்தம் செய்யக் கொடுக்கவும். உப்புகள் உள்ளே தங்கினால் அரிப்பு தொடரும்.

மருந்து தெளிப்போர்க்கு ஓர் எச்சரிக்கை

பூச்சிமருந்து தெளிக்கும்போது போன் அடித்தால், அதே கையுறையுடன் எடுத்துக் காதில் வைக்கும் வழக்கம் பலரிடம் உள்ளது. கையிலிருந்த நஞ்சு போனுக்கும், போனிலிருந்து கன்னத்திற்கும், மாலையில் அதை வாங்கி விளையாடும் குழந்தையின் கைக்கும் போய்ச் சேர்கிறது. தெளிக்கும் நேரத்தில் போனை வரப்பருகே நிழலில், வாய் கட்டிய பாலித்தீன் பையில் வைத்துவிட வேண்டும். அவசரமெனில் சோப்புப் போட்டுக் கைகழுவிய பிறகே தொட வேண்டும்.

பழுது பார்க்கக் கொடுக்கும்போது

போனைக் கொடுக்குமுன் சிம் கார்டையும் நினைவக அட்டையையும் எடுத்துவிட வேண்டும். திரைப்பூட்டின் எண்ணை எழுதிக் கொடுத்துவிட்டு வருவது பீரோச் சாவியைக் கொடுத்துவிட்டு வருவதற்குச் சமம். திரை மாற்றுவதற்கும் பேட்டரி மாற்றுவதற்கும் அது தேவையில்லை. பார்த்தே ஆக வேண்டுமெனில் அருகில் இருந்து தாமே திறந்து காட்டவும். பழுது என்ன, தொகை எவ்வளவு என்பதை முன்கூட்டியே சீட்டில் எழுதி வாங்கவும். மாற்றிய பழைய பாகத்தைத் திரும்பக் கேட்டு வாங்கவும். செலவு, அதே தரமுள்ள புதுப் போனின் விலையில் பாதியைத் தாண்டினால், பழுது பார்ப்பது இலாபமாகாது.

பயிரைப் படமெடுக்கும் முறை

எங்களைப் போன்றோருக்கு வாட்ஸ்அப்பில் வரும் படங்களில் பல, பயன்படாத நிலையில் உள்ளன. கை நடுக்கமும், இலையின் மேற்புறத்தை மட்டும் எடுப்பதுமே காரணம். ஒரு பயிருக்கு நான்கு படங்கள் வேண்டும்: வயல் முழுவதும் தெரியும் ஒன்று, ஒரு செடி முழுவதும் தெரியும் ஒன்று, பாதித்த பாகம் அருகில் ஒன்று, இலையின் அடிப்புறம் ஒன்று. சாறு உறிஞ்சும் பூச்சிகள் பெரும்பாலும் அடிப்புறத்திலேயே தங்குகின்றன. காலை வெயில் உங்கள் முதுகுக்குப் பின்னால் இருக்குமாறு நின்று, அளவு தெரிய ஒரு நாணயத்தை அருகில் வைத்து எடுக்கவும். பயிரின் வயது, இரகம், கடைசியாகத் தெளித்த மருந்து ஆகியவற்றையும் எழுதவும்.

தமிழ்நாடு அரசின் உழவன் செயலி 2018 முதல் தமிழில் கிடைக்கிறது. ஸ்மார்ட்போன் இல்லாதவர்களும் 1800-180-1551 என்ற கட்டணமில்லாக் கிசான் கால் சென்டர் எண்ணில் காலை 6 மணி முதல் இரவு 10 மணி வரை தமிழில் ஆலோசனை பெறலாம்.

ஏமாறாதிருக்க

கிசான் தவணை, திருமண அழைப்பிதழ், வாகன அபராதம் என்ற பெயர்களில் வாட்ஸ்அப்பில் ஒரு கோப்பு வரும். அதன் பெயரின் முடிவில் ஏ.பி.கே. என்ற எழுத்துகள் இருந்தால் தொடவே கூடாது. அதைத் திறந்து நிறுவினால், போனுக்கு வரும் ஓ.டி.பி. திருடனுக்கும் தெரிந்துவிடும். செயலிகளைப் பிளே ஸ்டோரிலிருந்து மட்டுமே, அதை வெளியிட்டவர் யார் என்று பார்த்து நிறுவ வேண்டும்.

பணம் பெறுவதற்கு யூ.பி.ஐ. ரகசிய எண் தேவையே இல்லை. பணம் கொடுப்பதற்கே அது தேவை. விளைபொருளுக்கு முன்பணம் அனுப்புகிறேன், ரகசிய எண்ணைப் போடுங்கள் என்று வியாபாரி என்ற பெயரில் யார் சொன்னாலும் அது மோசடியே. பணம் பறிபோனால் வெட்கப்பட்டு மறைக்காமல், உடனே 1930 என்ற எண்ணுக்குப் புகார் செய்ய வேண்டும். தாமதமின்றிச் சொன்னால், பணம் கைமாறும் முன் வங்கியில் தடுத்து நிறுத்த வாய்ப்புண்டு.

தொலைந்துவிட்டால்

1. வேறு போனிலிருந்து செல்போன் நிறுவனத்தை அழைத்துச் சிம் கார்டை முடக்கச் சொல்லவும்.
2. வங்கிக்குத் தெரிவித்து யூ.பி.ஐ. சேவையை நிறுத்தவும்.
3. காவல் நிலையத்தில் புகார் கொடுத்து நகல் பெறவும்.
4. அதே எண்ணில் மாற்றுச் சிம் கார்டு வாங்கவும். முதல் 24 மணி நேரம் குறுஞ்செய்தி வராது. இது பாதுகாப்புக்காக உள்ள விதி. கவலை வேண்டாம்.
5. 2023 மே மாதம் முதல் நாடு முழுவதும் உள்ள மத்திய அரசின் சஞ்சார் சாத்தி இணையதளத்தில், புகார் நகல், பில், ஐ.எம்.இ.ஐ. எண் ஆகியவற்றைக் கொடுத்துப் போனையே முடக்கலாம். வேறு சிம் கார்டு போட்டாலும் அது இயங்காது. கிடைத்துவிட்டால் அங்கேயே விடுவித்துக் கொள்ளலாம். உங்கள் பெயரில் எத்தனை இணைப்புகள் உள்ளன என்பதையும் அதே தளத்தில் அறியலாம்.

முன்னர்க் குறிப்பிட்ட மல்லிகை விவசாயி, ஆதார் மையத்திலும் வங்கியிலும் புதிய எண்ணைப் பதிவு செய்த பிறகே ஓ.டி.பி. பெற்றுத் தம் விவரத்தை உறுதி செய்ய முடிந்தது. அதற்குள் அவர் அலைந்த நாட்களில் பூப்பறிக்கக் கூலிக்கு ஆள் வைக்க வேண்டியிருந்தது. போன் உடைந்த அன்றே பழைய எண்ணில் மாற்றுச் சிம் கார்டு கேட்டு வாங்கியிருந்தால் இவை எவையும் நேர்ந்திரா.

எனவே உழவர் பெருமக்கள் இன்று மாலையே மூன்று காரியங்களைச் செய்து கொள்வார்களாக. *#06# அழுத்தி வரும் எண்ணை ஒரு நோட்டில் குறித்து வைக்கவும். ஆதாரிலும் வங்கியிலும் எந்த எண் உள்ளது என்று சரிபார்க்கவும். திரைப்பூட்டு இல்லாத போனுக்கு, பிறர் எளிதில் ஊகிக்க முடியாத பூட்டு ஒன்றைப் போடவும். மண்வெட்டியின் காம்பு தளர்ந்தால் நாமே ஆப்பு அடித்துக் கொள்கிறோம். அந்த அளவுக்குச் செல்போனும் நம் கைக்குப் பழகிய கருவியாகட்டும்.